கயிறு உரசிய இடம்

படகின் பக்கச் சுவரில், தளத்தை ஒட்டினாற்போல், வரிசையாக ஏழெட்டுப் பிளவுகள். ஒவ்வொன்றும் எள்ளின் நீளம்தான்; அகலம் அதில் பாதி. பெட்டியைத் திறந்த அன்றே அவை என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லை. மூன்றாம் நாள் உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துவிட்டு, தூசி ஊதுவதற்காக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அந்தப் பிளவுகள் வழியாகக் காலை வெயில் பொட்டுப் பொட்டாக என் உள்ளங்கையில் விழுந்தது. இவை எதற்கு என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

அலை ஏறித் தளத்தில் கொட்டும் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போகிற வழி அது. மீன்பிடி படகின் பக்கச் சுவர் ஓர் ஆளின் தொடையோ இடுப்போ வரை உயரும். ஆளை விழாமல் காக்கிற அந்தச் சுவரே தண்ணீரையும் தேக்கி வைத்துவிட்டால் படகு மேல்கனமாகிக் கவிழ்ந்துவிடும். ஆகவே சுவரின் அடியில் வாய் விட்டு வைப்பார்கள். புதுச்சேரி கதிர்காமத்தில் ஓர் அலமாரியில் நிற்கப்போகிற பிளாஸ்டிக் படகின் மேல் எந்த அலையும் ஏறப்போவதில்லை. ஆனாலும் அச்சு வெட்டியவர் அந்த வாய்களை விட்டுவிடவில்லை. எங்கோ ஒரு பட்டறையில் முகம் தெரியாத ஒரு தொழிலாளி, எள்ளளவு பிளவுக்காகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை, அவர் வெட்டியது ஒவ்வொன்றையும் நின்று பார்ப்பதுதான்.

பெட்டி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் பல வீடுகளைப் போல எங்களுக்கும் பிரான்சில் உறவு உண்டு. ஜூலை விடுமுறையில் மாமா வரும்போது சாக்லேட்டும் சோப்பும் வரும். 2024இல் கூடவே ஒரு நீளமான அட்டைப்பெட்டியும் வந்தது. ரெவெல் நிறுவனத்தின் வடகடல் மீன்பிடி இழுவைப் படகு, அளவு 1:142. “சின்ன வயசுல வைத்திக்குப்பத்துல போய் படகு பாத்துக்கிட்டே நிப்பியே, அதான் வாங்கினேன்” என்றார் மாமா. போர்க்கப்பல், போர் விமானம், டாங்கி என்று மாடல் கடைகள் நிரம்பிக் கிடக்கும். மனிதர் அவற்றையெல்லாம் தாண்டிப் போய் ஒரு மீன் படகை எடுத்து வந்திருக்கிறார்.

142 என்பது விநோதமான எண். நூறோ நூற்றைம்பதோ வைத்தால் கணக்குச் சுலபமாக இருக்குமே என்று தோன்றும். பழைய காலத்துப் பிளாஸ்டிக் கிட் நிறுவனங்கள் பெட்டியின் நீளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி கப்பலைச் சுருக்கின. அதனால்தான் 108, 142 என்றெல்லாம் வாய்க்கு வராத அளவுகள். எனக்கு அந்த எண் பிடித்துப்போயிற்று. மேசை மேல் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்தேன்: 170 செ.மீ. ஆள் 12 மி.மீ.; ஒரு சாண் அகலப் பலகை ஒன்றரை மில்லிமீட்டர்; முப்பது மீட்டர்ப் படகு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கீழே. இந்த எண்களை மனசில் போட்டுக்கொண்டால், கையில் இருக்கிற பிளாஸ்டிக் துண்டு ஒவ்வொன்றும் மெல்ல மெல்லப் பெரிதாகத் தொடங்கும். சமையலறைப் புகைக்குழாய் என்று தெரிந்த பிறகு ஒரு குச்சி வெறும் குச்சியாக இருப்பதில்லை. அதன் கீழே ஓர் அடுப்பு, அடுப்பில் ஒரு கெட்டில், ஆட்டத்தில் அது சரிந்துவிடாமல் இருக்கக் கம்பித் தடுப்பு என்று மனம் தானாகவே கட்டிக்கொண்டு போகிறது.

உறுப்புகள் எல்லாம் ஸ்ப்ரூ எனும் பிளாஸ்டிக் சட்டத்தில், கொடியில் காய் தொங்குவதைப் போலத் தொங்கிக்கொண்டு வரும். உருக்கிய பாலிஸ்டைரீனைக் கடும் அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தும்போது அது ஓடி வந்த கால்வாய்தான் இந்தச் சட்டம். இன்றைக்குக் கணினியில் வரைந்து அச்சு வெட்டுகிறார்கள். முன்பெல்லாம் மரத்தில் பெரிதாக ஒரு மூலத்தைச் செதுக்குவார்கள். பான்டோகிராஃப் என்ற கருவியின் ஒரு முனை அந்த மூலத்தின் மேல் ஊர்ந்து போக, மறுமுனை அதே அசைவைச் சுருக்கி எஃகில் வெட்டும். மூலத்தில் கை நடுங்கினால் எஃகிலும் நடுக்கம் பதியும். தளத்துப் பலகைகளுக்கு நடுவே ஓடும் கோடுகளை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. நிஜப் படகில் அது பதினான்கு செ.மீ. பலகை. சுருதி பிசகாத தம்பூராவைப் போல அணியத்திலிருந்து அமரம் வரை ஒரே சீராக ஓடுகின்றன.

அணியம் என்றால் படகின் முன்பக்கம், அமரம் பின்பக்கம், ஏரா அடிக்கட்டை. நம் கரையில் படகு கட்டுகிறவர்களின் சொற்கள் இவை. விளக்கத் தாளில் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று எத்தனையோ மொழிகள் இருந்தன. நான் பென்சிலால் ஓரத்தில் தமிழ்ச் சொற்களை எழுதிக்கொண்டே கட்டினேன். அப்படி எழுதிய பிறகுதான் படகு எனக்குச் சொந்தமானது.

ஒட்டும் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். பெயர்தான் பசை. குப்பியில் இருப்பது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் மெல்லிய திரவம். உடலின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மூட்டின் ஒரு முனையில் தூரிகை நுனியால் ஒரு சொட்டுத் தொட்டால், அது தானாக ஓடிக் கோடு முழுக்கப் பரவிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே விசை. இரண்டு பக்கத்து விளிம்பும் இளகும். இலேசாக அழுத்தினால் மூட்டிலிருந்து ஒரு மயிரிழை உருகல் வெளியே பிதுங்கும். அந்தப் பிதுக்கம் அணியத்திலிருந்து அமரம் வரை அறுபடாமல் வந்தால் மூட்டு நன்றாகக் கூடியிருக்கிறது என்று பொருள். திரவம் ஆவியான பிறகு அங்கே இரண்டு துண்டுகள் கிடையாது, ஒன்றுதான். ஒரு நாள் விட்டுவிட்டு அரத்தால் சீவி, நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்தால் கோடு மறைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஏராவை வருடினேன். எங்கே சேர்ந்தது என்று விரலுக்குத் தெரியவில்லை. அன்று அடைந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

படகின் இரண்டு பக்கங்களை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு நம் ஊர்க் கடல் வேறொரு விடை வைத்திருந்தது. அந்நாளில் புதுச்சேரியில் கப்பல் அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் கரை வர உதவியவை சலங்கு எனும் படகுகள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய பதினெட்டாம் நூற்றாண்டில் சலங்கு இல்லாமல் இந்த ஊரில் வியாபாரமே கிடையாது. பிரெஞ்சுக்காரர்களின் கடல் அகராதியில் ‘ஷெலாங்க்’ என்று ஒரு சொல் உண்டு. நம் சலங்குதான் அது. 1866இல் கடலுக்குள் இரும்புப் பாலம் கட்டிய பிறகும் சலங்கின் தேவை போய்விடவில்லை. அந்தப் பாலத்தை 1952 புயல் கொண்டுபோயிற்று.

சலங்கின் உடலில் இரும்பாணி கிடையாது. உள்ளே வளைந்து தாங்கும் வங்குகளும் கிடையாது. பலகைக்குப் பலகை தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், துணி தைப்பதைப் போல. நம் கரையில் அலை உடைந்து புரளும்; விறைப்பான படகு அதில் அடிபட்டால் பிளந்துவிடும். தைத்த படகு அலைக்கு அலை நெளிந்து கொடுக்கும், பிறகு தன் வடிவத்துக்குத் திரும்பும். பிளாஸ்டிக் மூட்டு முழுமையாக ஒன்றாகிவிடுவதில் ஓர் அழகு என்றால், சலங்கின் மூட்டு ஒன்றாகாமல் விட்டுக்கொடுத்து நிற்பதில் இன்னோர் அழகு. எனக்கு இரண்டாவதன் மேல்தான் மதிப்பு அதிகம்.

இந்தச் சலங்கை முதன்முதலில் கோலும் காகிதமுமாக அளந்து முறையாக வரைந்தவர்களில் ஒருவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஃபிரான்சுவா எட்மோன் பாரி. 1806இல் பிறந்தவர். மூன்று முறை உலகைச் சுற்றியவர். ‘ஃபாவொரித்’ என்ற கப்பலில் 1830 வாக்கில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். மற்ற அதிகாரிகள் கோட்டையையும் கோபுரத்தையும் வரைந்துகொண்டிருந்தபோது அவர் கட்டுமரத்தையும் சலங்கையும் அளந்தார். பலகையின் நீளம், தையலின் இடைவெளி, துடுப்பின் வடிவம் எல்லாம். ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்களின் படகுகளைப் பற்றி 1840களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட பெரும் நூல், அந்த அளவுகளால் நிறைந்தது. ஒரு விபத்தில் இயந்திரத்தில் சிக்கி ஒரு கையை இழந்தார். வரைவதை நிறுத்தவில்லை. 1871 முதல் 1893இல் இறக்கும்வரை பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, தாம் வரைந்த படகுகள் பலவற்றுக்கு மாதிரிகள் செய்வித்தார். ஓடுகிற காலத்தில் யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத வேலைப் படகுகள் அவை. ஓட்டம் நின்ற பிறகு, அவை எப்படி இருந்தன என்று அறிய நமக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களின் கோடுகள்தான்.

மேசைக்குத் திரும்புகிறேன். தளத்தின் பக்கவாட்டில் தலைகீழ் லாடத்தைப் போல வளைந்த இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. முதலில் ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். இழுவை மடியின் பலகையைத் தூக்கித் தொங்கவிடும் இடம் அது என்று பிறகு தெரிந்தது. பலகையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படகைப் பற்றிப் பேசவே முடியாது.

இழுவை மடி என்பது வாய் அகன்று வால் குறுகிய ஒரு பெரும் பை. அதைக் கடலடியில் இழுத்துக்கொண்டு போனால் மீன் உள்ளே போகும். வாய் திறந்திருந்தால்தான் போகும். தண்ணீருக்கடியில் மடியின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு யார் நிற்பது? பழைய நாளில் குறுக்கே ஒரு நீண்ட மரத்தைக் கட்டி வாயை விரித்தார்கள். 1890களில் ஸ்காட்லாந்தில் அந்த மரத்தை எடுத்துவிட்டு இரண்டு பலகைகளை வைத்தார்கள். மடியை இழுக்கிற கயிறுகளில், பக்கத்துக்கு ஒன்றாக, கனத்த பலகை. இரண்டையும் சற்றுக் கோணலாகக் கட்டியிருப்பார்கள். படகு இழுக்க இழுக்கத் தண்ணீர் பலகையின் முகத்தில் மோதி அதை வெளிப்பக்கம் தள்ளும். ஒன்று இடப்பக்கம் விலகும், இன்னொன்று வலப்பக்கம் விலகும். நடுவில் மடியின் வாய் தானே திறக்கும். பட்டத்துக்குச் சூத்திரம் போடுகிற பையனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். கயிறு கட்டும் இடம் ஒரு விரல் மாறினாலும் பட்டம் குத்தும். கடலில் பலகையும் அப்படித்தான் படுத்துக்கொள்ளும்.

கிட்டில் அந்தப் பலகை என் கட்டைவிரல் நக அகலம்தான். அதில் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டைகளும், கீழ் விளிம்பில் தரையை உரசும் இரும்புக் கட்டும் புடைப்பாகத் தெரிகின்றன. அந்தக் கீழ் இரும்பை வெட்ட மறக்காத கைக்கு என் வணக்கம். கடலடி மணலில் நாள் முழுக்கத் தேய்கிற இடம் அது. இரும்பு இல்லாவிட்டால் மரம் ஒரு பருவம்கூடத் தாங்காது.

வடகடல் தொழிலுக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு நினைப்பதைவிட நெருக்கமானது. 1952இல் கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு கொல்லம் பக்கத்தில் தொடங்கிய இந்திய-நார்வே மீன்வளத் திட்டம் விசைப்படகைத் தென்னிந்திய மீனவரிடம் கொண்டுவந்தது. பிறகு இழுவை மடி இரு கரைகளிலும் பரவியது. அது கடலடியை வழித்துவிடுகிறது என்ற சண்டையும் கூடவே பரவியது. கட்டுமரக்காரர்களும் சிறு படகுக்காரர்களும் சொன்ன குறைகளில் நியாயம் உண்டு. தொழிலின் மேல் உள்ள வழக்கு அது, தீர வேண்டியதுதான். கருவியின் நுட்பத்தைப் பார்த்து வியப்பதற்கு அது எனக்குத் தடையாக இல்லை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் விசைப்படகுகளின் பின்பக்கத்தில் இன்றும் அதே பலகை தொங்குகிறது. என் மேசை மேல் இருந்த வடகடல் படகுக்கு ஆறேழு கிலோமீட்டருக்குள் உறவினர்கள் இருந்தார்கள்.

மடிக்கு என்ன செய்வது? நூல் வலை ஒன்றைச் சிறிதாகப் பின்னலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். முடிச்சுகள் எல்லாம் பாறாங்கல்லாகத் தெரிந்தன. வழுதாவூர் சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் கதிர்காமத்தில் மருந்துக் கடைக்குப் பஞ்சமில்லை. காயத்துக்குக் கட்டும் வலைத்துணி ஒரு சுருள் வாங்கி வந்தேன். அதன் கண் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். 142ஆல் பெருக்கினால் பதினான்கு செ.மீ.; மடியின் சிறகுப் பகுதிக்கு அது பொருத்தமான கண். வாலுக்குப் போகப் போக மடியின் கண் சிறுக்க வேண்டும். அதற்குப் பழைய நைலான் காலுறை கிடைத்தது. வெள்ளைத் துணியைத் தேயிலை டிகாக்‌ஷனில் ஓர் இரவு ஊறப்போட்டேன். காலையில் அதைப் பார்த்த எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கூடைக்கார அம்மா, “எங்க அப்பா காலத்துல பனிச்சங்காய் இடிச்சு அந்தச் சாத்துல வலையப் போட்டு எடுப்பாங்க தம்பி. அப்படியே இந்தக் கலரு. வீடே நாறும்” என்றார். பருத்தி வலை உப்பில் மக்காமல் இருக்க ஊட்டிய சாறு அது. நைலான் வந்த பிறகு தேவையில்லாமல் போயிற்று. அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஈரத் துணியை இரண்டு விரலால் நுனியில் தூக்கி, தண்ணீர் சொட்டுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நவம்பரில் வண்ணம் பூசினேன். தவறான மாதம். கடல் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் ஈரம் எங்கள் வீட்டுச் சுவருக்குள்ளேயே இருக்கும். 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. தண்ணீர் வாசல்படி ஏறியபோது அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் பரண்மேல் ஏற்றினோம். அம்மாவே படகையும் எடுத்துக் கொடுத்தார். மின்சாரம் வந்த பிறகு இறக்கிப் பார்த்தால், புயலுக்கு முந்தின நாள் தெளித்திருந்த வார்னிஷ் முழுக்கப் பால் சிந்தியதைப் போல வெளுத்திருந்தது. காற்றில் இருந்த ஈரம் உலராத வார்னிஷில் இறங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும். ஜனவரி வெயிலுக்குக் காத்திருந்து, தின்னரைப் பூத்தூறலாகத் தெளித்தேன். வெண்மை கரைந்து கறுப்பு திரும்ப எழுந்து வந்தது. நீர்க்கோட்டுக்கு மேலே அணியத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கீற்று போகவில்லை. காய்ந்த உப்பின் நிறத்தில் இருந்தது. அதை விட்டுவைத்தேன்.

அடிப்பாகத்துக்குச் செங்காவி. உலகெங்கும் கப்பலின் அடி பெரும்பாலும் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கப் பூச்சில் சேர்க்கும் செப்பு ஆக்ஸைடின் நிறமே சிவப்பு. கறுப்பை அப்படியே கறுப்பாகப் பூசக் கூடாது என்பதும் இந்த வேலையில் கற்றதுதான். தூரத்தில் நிற்கும் கப்பலின் கறுப்பு, நடுவே உள்ள காற்றால் சற்று வெளிறித் தெரியும். ஒரு சாண் படகை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜப் படகை நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்த நாற்பது மீட்டர்க் காற்றையும் கறுப்பில் கொஞ்சம் கலந்துவிட வேண்டும். ஒரு துளி சாம்பல், ஒரு துளி பழுப்பு.

மார்ச் மாதம் படகு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். துப்புரவாக, பளிச்சென்று, பெட்டி மேல் இருந்த படத்தைப் போலவே இருந்தது. ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. கிழக்குக் கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் தேங்காய்த்திட்டில் படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள். தண்ணீரில் நிற்கும்போது தெரியாத ஏராவும் சுக்கானும் விசிறியும் அப்போது ஆள் உயரத்தில் நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் அமரத்துப் பக்கம் ஓரிடத்தைக் காட்டி, “அண்ணே, இந்த இடத்துல மட்டும் பெயிண்ட் ஏன் இப்படி உரிஞ்சிருக்கு?” என்று கேட்டேன்.

“அங்க நிக்காது சார். பலகை ஏறி எறங்குற எடம். வருசா வருசம் அடிக்கிறோம். ரெண்டு தபா கடலுக்குப் போயிட்டு வந்தா கட்டை தெரியும்.”

கைப்பேசியில் என் படகின் படத்தைக் காட்டினேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்து, படத்தை விரலால் பெரிதாக்கி முன்னும் பின்னும் பார்த்தார். “நல்லா இருக்குது சார். ஆனா கடலுக்குப் போவாத படகு. கயிறு உரசுன எடம் ஒண்ணுகூட இல்லியே.”

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கரையேறி நின்ற படகுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். நங்கூரக் கயிறு இறங்கும் இடத்தில் மரம் மழுங்கி, வெண்ணெய்க் கட்டியில் விரல் வைத்ததைப் போலக் குழிந்திருக்கிறது. கயிறு சுற்றும் வின்ச்சின் பிடி மட்டும் பொன்னாகப் பளபளக்கிறது, சுற்றிலும் துரு. சுக்கான் அறைக் கதவில், கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, பெயிண்ட் போய் மரம் கறுத்திருக்கிறது. இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது முழங்கையால் தள்ளுகிற இடம் என்றார். மீன் கொட்டும் தளத்தின் நடுப்பகுதி வெளுத்து, ஓரங்கள் கறுத்து இருக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற கை நடுவில்தான் அதிகம் போகும். ஒரு படகில் என்ன வேலை நடக்கிறது, எந்தக் கை எங்கே படுகிறது என்பதெல்லாம் பெயிண்ட் இல்லாத இடங்களில் எழுதியிருந்தது. நான் ஒரு நோட்டில் பன்னிரண்டு பக்கம் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, முடிந்த படகை மறுபடி எடுத்தேன். பலகை தொங்கும் சட்டங்களுக்கு நேர் கீழே, உடலின் பக்கவாட்டில், காய்ந்த தூரிகை நுனியால் மேலிருந்து கீழாக இழைகள் இழுத்தேன்: முதலில் ஈய நிறம், அதன் மேல் மெல்லிய துரு. நங்கூரத் துளையின் கீழே ஒரே ஒரு துருக் கோடு, மேலே அழுத்தமாகத் தொடங்கி நீர்க்கோட்டை எட்டுமுன் மங்கிவிடும்படி. துரு நினைத்த இடத்தில் எல்லாம் வராது. உப்புநீர் தேங்குகிற மூலையிலும், அடிபட்டுப் பெயிண்ட் விண்ட இடத்திலும் பிறந்து, தண்ணீர் வழிகிற வழியே இறங்கும். முதலில் சொன்ன அந்த எள்ளளவு பிளவுகள் ஒவ்வொன்றின் கீழும் பழுப்புக் கசிவு வைத்தேன். வின்ச்சின் உருளையில் பென்சில் கரியைத் தேய்த்தேன். தேய்ந்த இரும்பின் மினுமினுப்பு அப்படியே வந்தது. சுக்கான் அறைக் கதவில், 12 மி.மீ. ஆளின் முழங்கை படும் உயரத்தில், ஒரு புள்ளி. பூதக்கண்ணாடி இல்லாமல் அது யாருக்கும் தெரியாது. அதை வைக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று.

கடைசியாகக் கம்பிகள். பாய்மரத்திலிருந்து இறங்கும் கம்பிகளுக்கு நூல் போட்டால் பஞ்சு பறக்கும். அதற்கு ஸ்ப்ரூவே போதும். மிஞ்சிய சட்டத்தில் ஒரு விரல் நீளத் துண்டை அம்மாவின் அகல் விளக்குச் சுடருக்கு மேலே, தொடாமல், உருட்டிக்கொண்டே காட்ட வேண்டும். பிளாஸ்டிக் முதலில் மினுங்கும், பிறகு நடுவில் தொய்யும். அந்தக் கணத்தில் சுடரை விட்டு விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையையும் அகட்டினால் நடுவில் இழை பிறக்கும். வேகமாக இழுத்தால் மயிர், மெல்ல இழுத்தால் கம்பி. தலைமுடி அளவு இழை 142இல் ஒரு செ.மீ. கம்பிக்குச் சமம். இருபது முறை அறுந்தது. இருபத்தோராவது இழை முழம் நீளத்துக்கு, ஒரே பருமனில், சுடர் வெளிச்சத்தில் அசைந்துகொண்டு நின்றது. அம்மா தன் கையை அதன் கீழே கொண்டுவந்து, தொடாமல் எடை பார்ப்பதைப் போல ஏந்தினார். “சிலந்தி நூலுடா” என்றார்.

இப்போது படகு அலமாரியில் நிற்கிறது. மாமா ஜூலையில் வந்து பார்த்தார். பிளவுகளையும் கசிவுகளையும் அவரே கண்டுபிடிக்கட்டும் என்று நான் எதையும் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை மட்டும் பக்கத்தில் வைத்தேன். அரை மணி நேரம் குனிந்தபடி நின்றார். கதவில் இருந்த முழங்கைப் புள்ளியில் அவர் விரல் வந்து நின்றபோது எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

என் நோட்டில் அந்தப் பன்னிரண்டு பக்கங்கள் இருக்கின்றன. தேங்காய்த்திட்டு விசைப்படகு ஒன்றை அளந்து வரைய அடுத்த தடைக்காலத்துக்கு நாடாவும் அளவுகோலும் எடுத்து வைத்திருக்கிறேன். நம் படகு நம் கண் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கிற வாய்ப்பு நமக்கு இருக்கிறது. பாரி துரையைப் போல யாரும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்குள் போங்கள். வெயில் ஏறிவிட்டால் வேலைக்காரர்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறுங்கள்.